முதல் ரூபாய் வரும்வரை

மென்பொருள் தொழில் தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு முதல் போட வேண்டும்?" என்பதுதான். விடை சின்னது. ஒருவரோ இருவரோ செய்யும் தொழிலாக இருந்து, கையில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினியும் இருந்தால், முதல் ஆண்டின் ரொக்கச் செலவு சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். "முதல் பணம் எத்தனை மாதத்தில் வரும்?" என்ற இரண்டாவது கேள்விதான் பெரியது. அதைக் கேட்டுக்கொள்ளாமலே வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. பணம் வராத மாதங்களிலும் வாடகை கொடுக்க வேண்டும், பால்காரருக்குக் கொடுக்க வேண்டும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். சிறு மென்பொருள் தொழிலுக்கு நீங்கள் போடும் பெரிய முதல் அந்த மாதங்களின் வீட்டுச் செலவு. காலத்தைக் குறைத்தால் முதல் குறையும். இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலீட்டாளரிடம் கோடிகளில் வாங்கி ஐம்பது பேரை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் கணக்கு வேறு; அதை இங்கே பேசப்போவதில்லை. நிட்டிங் யூனிட்டுக்கு ஸ்டாக் கணக்கு, டியூஷன் சென்டருக்குக் கட்டண வசூல், லாரி புக்கிங் ஆபீசுக்கு டிரிப் கணக்கு என்று ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் மென்பொருளை எழுதி விற்றுக் குடும்பம் நடத்த நினைப்பவருக்காக எழுதுகிறேன்.

ரொக்கமாகப் போகும் செலவு

இணைய முகவரிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். சர்வருக்கு மாதம் ஐந்நூறிலிருந்து ஆயிரம். முதல் ஐம்பது வாடிக்கையாளர் வரைக்கும் இதற்கு மேல் தேவைப்படாது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் புதியவர்களுக்கு இலவசமாகத் தரும் கிரெடிட்டை நம்பி அங்கே போகிறவர்கள், அந்த கிரெடிட் தீரும் மாதத்தில் வரும் பில்லையும் இப்போதே கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மாதக் கட்டணம் நிலையாக இருக்கும் சின்ன சர்வரே தொடக்கத்துக்கு நல்லது.

செயலியாக வெளியிடுவதென்றால் கூகுள் பிளே ஸ்டோரில் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கடைக்காரருக்கும் சிறு முதலாளிக்கும் விற்பவர்கள் ஆப்பிளை முதல் ஆண்டில் விட்டுவிடலாம். பிளே ஸ்டோரிலும் பணத்தைவிட நாள்தான் அதிகம் போகிறது: 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர்கள், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டிய பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது இந்த இரண்டு வாரம் குறுக்கே வந்து நிற்கும். போன் பிரவுசரிலேயே நன்றாக ஓடும்படி எழுதிவிட்டால் இந்தக் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியையும் முதல் நாளே சேர்க்க ஆசைப்பட வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்கிய பிறகே வணிக எஸ்எம்எஸ் போகும். அதற்குக் கட்டணமும் உண்டு, அலைச்சலும் உண்டு. மின்னஞ்சல் போதும், இல்லையென்றால் பயனரே தன் வாட்ஸ்ஆப்பிலிருந்து அனுப்பிக்கொள்ளும்படி ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு மாதம் 20 டாலர் அளவில் ஆகும். இது செலவழிக்கத் தகுந்த பணம். ஆனால் அந்தக் கருவிகள் குறைத்திருப்பது எழுதும் காலத்தை. கடைக்காரர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுக்கும் காலம் பத்து வருடத்துக்கு முன்பு எவ்வளவோ, இன்றும் அவ்வளவுதான்.

அலுவலக வாடகை, பலகை, லோகோ, அச்சடித்த கையேடு ஆகியவற்றுக்கு முதல் ஆண்டில் ஒரு ரூபாயும் வேண்டாம் என்பது என் கட்சி. பெட்ரோலுக்கு மட்டும் தாராளமாக ஒதுக்குங்கள். வாடிக்கையாளர் இருக்குமிடத்துக்குப் போகும் செலவில் கஞ்சத்தனம் பார்த்தால் விற்பனை தள்ளிப்போகும்.

எதைப் பதிவு செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

தொழில் என்றவுடன் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்வது சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் தொடர்வதுதான் பாரம். விற்றுமுதல் பூஜ்யமாக இருந்தாலும் கணக்குத் தணிக்கை கட்டாயம். கணக்கையும் ஆண்டறிக்கையையும் உரிய நாளில் தாக்கல் செய்யாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும். வருமானமே தொடங்காத தொழிலுக்கு இது வேண்டாத சுமை. எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் விற்றுமுதல் 40 லட்சத்துக்கும், பங்குதாரர்கள் போட்ட முதல் 25 லட்சத்துக்கும் உட்பட்டிருக்கும்வரை தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் ஆண்டுப் படிவங்கள் அதற்கும் உண்டு.

தனியாளாகத் தொடங்குபவருக்குத் தனியுரிமைத் தொழிலே போதும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை ஆதாரைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு செய்துதருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டியதே இல்லை. வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கும்போது அந்தச் சான்றிதழ் உதவும்; பாக்கி வசூலிக்கும்போது இன்னும் பெரிதாக உதவும். அதைக் கொஞ்சம் தள்ளிப் பேசுகிறேன்.

கூட ஒரு பங்காளி இருந்தால் மட்டும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் முதல் வாரத்திலேயே வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு, யார் முழுநேரம், ஒருவர் ஆறு மாதத்தில் விலகினால் நிரல் யாருக்கு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நண்பர்களுக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். பணம் வராத நேரத்தில் பேசிவிடுவது எளிது. வந்த பிறகு பேசுவது கடினம்.

வணிகக் குறி பதிவுக்குத் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விற்பனை தொடங்கிய பிறகு செய்துகொள்ளலாம். ஆனால் பெயரை முடிவு செய்யும் முன், அது ஏற்கெனவே யாருடையதாவது இருக்கிறதா என்று வணிகக் குறிப் பதிவகத்தின் இலவசத் தேடலில் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக் கணக்கு

இப்போது பெரிய செலவுக்கு வருவோம். கோவையில் வேலையில் இருக்கும் ஒருவரின் மாதக் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம்: வாடகை 12,000, மளிகை, பால், காய்கறி 11,000, பிள்ளையின் பள்ளிக்கு மாதப்படி 4,000, பைக் தவணை 3,500, மின்சாரம், எரிவாயு, போன் 3,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 4,000. கூட்டினால் 37,500. ஒன்பது மாதம் வருமானம் இல்லாமல் ஓட்டினால் 3,37,500 ரூபாய். மேலே சொன்ன சர்வர், முகவரி, செயலிக் கட்டணம் எல்லாம் இதன் பக்கத்தில் எங்கே இருக்கின்றன? சர்வரில் மாதம் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு வாரம் செலவழிப்பவர், அந்த வாரத்துக்கு வீட்டுச் செலவாக ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். புதிதாக எடுக்கும் குடும்பப் பாலிசியில் தொடக்கத்தில் காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது வருடக்கணக்கில் நீளலாம். ஆகவே ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்குச் சில மாதங்கள் முன்பே சொந்தப் பாலிசி எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு முறை மருத்துவமனைக்குப் போனால் போதும், ஒன்பது மாதச் சேமிப்பு ஒன்பது நாளில் கரைந்துவிடும்.

வருங்கால வைப்பு நிதியைக் (பிஎஃப்) கையிருப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டு நகையை அடகு வைத்து இந்தத் தொழிலைத் தொடங்க வேண்டாம் என்றும் அழுத்திச் சொல்கிறேன். நகைக்கடன் வட்டி முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்கும். வருமானம் எப்போது தொடங்கும் என்று உங்களுக்கே தெரியாது. மூலப்பொருள் வாங்கி மறுவாரமே விற்றுவிடும் தொழிலுக்கு அது சரிப்படலாம். எழுதி, காட்டி, திருத்தி, காத்திருந்து விற்கும் தொழிலுக்குச் சரிப்படாது.

காலம் எங்கே போகிறது

திருப்பூரில் ஒரு சின்ன நிட்டிங் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பார்ட்டி நூல் அனுப்புகிறார். யூனிட் அதைத் துணியாக ஓட்டிக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறது. உள்ளே வரும் நூலுக்கு ஒரு டிசி (டெலிவரி சலான்), வெளியே போகும் துணிக்கு ஒரு டிசி. எத்தனை கிலோ நூல் வந்தது, எத்தனை கிலோ துணி போனது, கழிவு எவ்வளவு, எந்தப் பார்ட்டியின் நூல் எவ்வளவு மீதி நிற்கிறது என்பதுதான் முதலாளிக்குத் தினமும் இருக்கும் தலைவலி. எல்லாம் நோட்டில் இருக்கிறது. பார்ட்டி போன் செய்து கேட்டால் பக்கம் புரட்டிச் சொல்ல வேண்டும்.

இதற்கான மென்பொருளை ஓரளவு அனுபவமுள்ளவர் ஒன்றரை மாதத்தில் எழுதிவிடலாம். பிறகு நடப்பதைப் பாருங்கள். முதல் தடவை போகும்போது முதலாளி இருக்க மாட்டார். சாயப்பட்டறைக்கோ பார்ட்டி ஆபீசுக்கோ போயிருப்பார். இரண்டாம் தடவை பார்ப்பார். "நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. டேலியில ஏறுமா?" என்பார். டேலி என்ற அந்தக் கணக்கு மென்பொருளில் ஏறாதென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதைச் சேர்க்க உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம். மூன்றாம் தடவை, "பசங்கதான் போடணும், சூப்பர்வைசர்கிட்டக் காட்டிருங்க" என்பார். சூப்பர்வைசருக்கோ நூல் குறைந்தால் கணினி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். அதன் பிறகு பழைய கணக்கு: நாற்பது பார்ட்டிகளின் நூல் மீதியை நோட்டிலிருந்து எடுத்து ஏற்றினால்தான் மென்பொருள் காட்டும் எண்ணை யாரும் நம்புவார்கள். அவர்கள் ஏற்ற மாட்டார்கள். நீங்கள்தான் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். சனிக்கிழமை போகக் கூடாது, அன்று சம்பள நாள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போகக் கூடாது, போனஸ் நேரம். இப்படி நிரல் முடிந்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். எழுத ஆன காலத்தைவிட இது அதிகம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு நாட்காட்டி உண்டு. பள்ளிகள் ஜூனில் திறப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடும். ஆகஸ்டில் கொண்டுபோய்க் காட்டினால் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்பார்கள். அது விலைக்குத் தந்த பதில் இல்லை, மாதத்துக்குத் தந்த பதில். ஆடிட்டர்களுக்கு விற்பவர் ஜூலையிலும் செப்டம்பரிலும் அவர்கள் வாசலை மிதிக்காமல் இருப்பது நல்லது. நீங்கள் விற்கப்போகும் தொழிலில் பணம் எந்த மாதத்தில் புழங்குகிறது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் தேதியைக் குறியுங்கள்.

முதலில் விற்பனை, பிறகு நிரல்

மேலே சொன்ன வரிசையைத் திருப்பிப் போட முடியும். முதல் மாதம் ஒரு வரி நிரலும் எழுதாமல் பத்து யூனிட்டுகளுக்குப் போங்கள். அவர்கள் நோட்டை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பார்ட்டி வாரியாக நூல் மீதியைக் காட்டும் ஒரு தாளை எக்செல்லில் செய்து காட்டுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, தினமும் சாயந்தரம் டிசியைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிடுங்க. காலையில எட்டு மணிக்கு ஒவ்வொரு பார்ட்டிக்கும் மீதி எவ்வளவுன்னு உங்க போனுக்கு வந்துடும். மாசம் ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க." இரவு உட்கார்ந்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மூன்று யூனிட் ஒப்புக்கொண்டால் முதல் மாதமே 4,500 ரூபாய் வருகிறது.

இந்தத் தொகையில் குடும்பம் நடக்காது. ஆனால் மூன்று பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்ற செய்தி கிடைத்துவிட்டது. அதுவும் நான்கைந்து மாதம் கழித்துக் கிடைக்க வேண்டியது முதல் மாதத்தில். தினமும் நீங்களே தட்டச்சு செய்வதால் எந்த இடத்தில் எண் தப்புகிறது, எந்த டிசியில் பார்ட்டி பெயர் சரியாக இருக்காது, கழிவை யார் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதெல்லாம் கைக்குப் பழகிவிடும். பிறகு எழுதும் மென்பொருளில் தேவையில்லாத திரைகளே இருக்காது. சூப்பர்வைசரும் இதற்குள் உங்களுக்குப் பழக்கமாகியிருப்பார்.

இதற்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லையென்றால்? பத்துப் பேரில் ஒருவர்கூட ஆயிரம் ரூபாய் கொடுக்க முன்வரவில்லையென்றால், அதே பத்துப் பேர் நிரல் எழுதி முடித்த பிறகும் கொடுக்க மாட்டார்கள். பாராட்டுக்கு இங்கே மதிப்பில்லை. "சூப்பரா இருக்கு, முடிச்சிட்டுக் கொண்டாங்க" என்பது வாங்குகிறேன் என்ற சொல் இல்லை. முன்பணம்தான் சொல்.

முதல் ரூபாயும் முழுச் சம்பளமும்

இந்த இரண்டும் வேறுவேறு தேதிகள். இவற்றை ஒன்றாக நினைத்துக்கொண்டு வேலையை விடுவதுதான் பெரிய ஆபத்து. உலகம் அறிந்த சில தொழில்களின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிட உதவும் பஃபர் என்ற மென்பொருளை இங்கிலாந்தில் ஜோயல் காஸ்கோய்ன் 2010இல் தொடங்கினார். நிரல் எழுதும் முன், இப்படி ஒன்று வரப்போகிறது என்று சொல்லும் ஒரு பக்கத்தை மட்டும் போட்டார். பிறகு அதில் விலைப் பட்டியலையும் சேர்த்து, எத்தனை பேர் கட்டணத் திட்டத்தை அழுத்துகிறார்கள் என்று பார்த்தார். ஏழு வாரத்தில் எழுதி நவம்பர் 30 அன்று வெளியிட்டார். நான்காம் நாள் முதல் வாடிக்கையாளர் பணம் கட்டினார். மாதம் 5 டாலர். முதல் ரூபாய்க்கு ஆன நாள் மிகக் குறைவு. ஆனால் அந்த ஐந்து டாலரில் வீட்டு வாடகை கொடுக்க முடியுமா?

அமெரிக்காவில் நேதன் பேரி 2013 ஜனவரியில் கன்வர்ட்கிட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் தொடங்கியபோது, ஆறு மாதத்தில் மாத வருமானம் 5,000 டாலராக வேண்டும் என்று இலக்கு வைத்தார். எட்ட முடியவில்லை. 2014 இறுதியை நெருங்கும்போது மாத வருமானம் 1,300 டாலர் அளவில்தான் நின்றது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதான். அதன் பிறகுதான் சொந்தப் பணம் 50,000 டாலரைப் போட்டு முழுநேரமாக இறங்கினார். வலைப்பதிவு எழுதுபவர்களை ஒருவர் ஒருவராகத் தேடிப் பேசினார். "பழைய மென்பொருளிலிருந்து எல்லாவற்றையும் மாற்றுவது பெரிய வேலையாயிற்றே" என்று தயங்கியவர்களுக்கு, அந்த வேலையை இலவசமாகத் தாமே செய்து கொடுத்தார். திருப்பூரில் நோட்டுக் கணக்கை நீங்கள் உட்கார்ந்து ஏற்றுவதும் இதே வேலைதான். 2015 முடியும்போது கன்வர்ட்கிட்டின் மாத வருமானம் ஒரு லட்சம் டாலரை நெருங்கியிருந்தது.

மூன்றாவது வழி, ஒரு வருமானத்தைக் கொண்டு இன்னொன்றை வளர்ப்பது. சிகாகோவில் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2004இல் பேஸ்கேம்ப்பை வெளியிட்டபோது, மற்றவர்களுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் வேலை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் வருமானம் போதுமான அளவு வந்த பிறகே அந்த வேலையை நிறுத்தினார்கள். நம் சோஹோவும் அப்படித்தான்: 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் நிர்வாக மென்பொருள் விற்றுத் தொடங்கி, அந்த வருமானத்தில்தான் 2005 முதல் சோஹோ என்ற பெயரில் இணைய மென்பொருள்களை உருவாக்கினார்கள். வெளி முதலீடு வாங்கவில்லை.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இந்த மூன்றாவது வழி என்பதே என் முடிவு. வாரத்தில் மூன்று நாள் பிறருக்கு எழுதிக் கொடுக்கும் வேலை, மூன்று நாள் சொந்த மென்பொருள் என்று கிழமையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் பிரித்தால் அவசரமாக வரும் பிறர் வேலை எப்போதும் ஜெயித்துவிடும். பிறருக்கு எழுதும்போது ஒப்பந்தத்தில் நிரல் உரிமை யாருக்கு என்று பாருங்கள். உங்கள் மென்பொருளில் வரவேண்டிய பகுதியை அவர்கள் பணத்தில் எழுதாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே மாலையில் எழுதுபவர், பணி ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றியும் அறிவுசார் உரிமை பற்றியும் இருக்கும் பத்திகளை முதலில் படித்துவிட வேண்டும். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

மாதக் கட்டணமா, ஆண்டுக் கட்டணமா

ஒரு சின்னக் கணக்கு. மாதம் இரண்டு புதிய வாடிக்கையாளர், ஒருவரும் விட்டுப்போகவில்லை, மாதக் கட்டணம் 1,000 ரூபாய். பன்னிரண்டாம் மாதம் 24 பேர் இருப்பார்கள், அந்த மாத வருமானம் 24,000. ஆண்டு முழுக்கக் கைக்கு வந்தது 1,56,000. இதையே, ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் தள்ளுபடி என்று 10,000 ரூபாய் வாங்கியிருந்தால், அதே 24 பேரிடமிருந்து முதல் ஆண்டில் 2,40,000 வந்திருக்கும். 84,000 கூடுதல், மேலே சொன்ன குடும்பத்துக்கு அது இரண்டு மாதத்துக்கு மேலான செலவு. தள்ளுபடி கொடுத்தும் காலம் மிச்சமாகிறது.

இந்தியாவில் ஆண்டுக் கட்டணத்துக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் கடுமையாயின. பணம் எடுக்கும் முன் 24 மணி நேர முன்னறிவிப்பு போக வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். பிடித்தம் தவறிய மாதத்தில் வாடிக்கையாளரைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட, வருடத்துக்கு ஒருமுறை யுபிஐயில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி. ஆனால் அப்படி வாங்கிய பணத்துக்குப் பன்னிரண்டு மாத வேலை பாக்கி இருக்கிறது. வந்த மாதமே செலவழித்துவிட வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் மீதி மாதப் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்தால் முதல் ஆண்டில் தயக்கமும் குறையும்.

இலவசமாகக் கொடுத்து ஆள் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாரச் சோதனை போதும். காலத்துக்கும் இலவசம் என்று கொடுத்தால், போன் வருவது மட்டும்தான் மிச்சம்.

பில் போட்ட பிறகு

விற்றுவிட்டால் பணம் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பேமென்ட் கேட்வே வழியாக வந்தால் சுமார் 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் கழித்துக்கொண்டு, சில நாள் கழித்துத்தான் கணக்கில் விழும். வாங்குபவர் கம்பெனியாக இருந்தால் வரியை முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம். அது உங்கள் வரிக் கணக்கில் நிற்கும். உங்கள் வரிக்குப் போக மீதி இருந்தால், கணக்குத் தாக்கல் செய்த பிறகே திரும்ப வரும். ஆகவே முதல் ஆண்டுக் கணக்கில் அதை வருமானமாக எண்ணிச் செலவுத் திட்டம் போடாதீர்கள்.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் பெரிய வாடிக்கையாளர்கள் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். பதிவு செய்துகொண்டால் 18 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும், கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்ய வேண்டும். சிறு கடைகளுக்கு விற்பவருக்கு இந்த 18 சதவீதம் விலை ஏற்றமாகவே தெரியும். யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

பாக்கி இழுக்கும் கம்பெனிகளுக்கு எதிராகச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. வருமான வரிச் சட்டத்திலும் இப்போது, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல் ஆண்டு முடிவிலும் பாக்கி வைத்த தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்குபவர் காட்ட முடியாது. வழக்குப் போடச் சொல்லவில்லை. உத்யம் எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள். அதைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸ் பிரிவு உங்கள் பில்லை மார்ச் மாதத்துக்கு முன் மேலே எடுத்து வைக்கும். இதற்காகத்தான் விற்பனைக்கு முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுங்கள் என்கிறேன்.

எப்போது நிறுத்துவது

தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் தேதியையும் எழுதிவிட வேண்டும். ஒதுக்கி வைத்த பணத்தில் பாதி தீரும்போது, சொந்தக்காரரோ பழைய சகாவோ இல்லாத ஐந்து பேர் காசு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் மீதிப் பாதியையும் போடலாம். ஒன்றிரண்டு பேர் என்றால் விற்கும் ஆளையோ பொருளையோ மாற்றிப் பார்க்கலாம். ஒருவருமில்லை என்றால் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். கையில் பாதிப் பணத்தோடு திரும்புபவர் இரண்டு ஆண்டில் மறுபடி முயல முடியும். எல்லாவற்றையும் தீர்த்து, கடனும் வாங்கிய பிறகு திரும்புபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்தத் தேதியை வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். செலவைத் தாங்கப்போவது அவர்களும்தான். தேதி தெரிந்த வீட்டில் ஒவ்வொரு மாதமும் "இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்வி எழாது.

அடுத்த அத்தியாயம் விலை நிர்ணயம் பற்றியது. அதைப் புரட்டும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: உங்கள் ஒரு மாத வீட்டுச் செலவு, கையில் உள்ள சேமிப்பு, பாதிச் சேமிப்பு தீரும் தேதி. பிறகு இந்த வாரத்துக்குள் பத்துக் கடைகளின் அல்லது யூனிட்டுகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, நேரில் போய் முன்பணம் கேளுங்கள். நிரல் எழுதத் தொடங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.